எறிந்தது யார்?

வெள்ளியைவிடப் பிரகாசமாக எரிந்து விழும் எரிகல்லைத் தீப்பந்து என்கிறார்கள். அதிலும் முழுநிலவையே மிஞ்சுகிற அளவுக்கு ஒளிர்ந்து, பெரும்பாலும் நடுவானிலேயே வெடித்துச் சிதறுகிற ரகத்துக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் உண்டு: பொலைடு.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பழைய கோடில் ஒரு மாறியின் பெயரைப் பார்த்தாலே, அதை எழுதின ஆள் என்ன நினைத்திருந்தார் என்று தெரிந்துவிடும். மாறி செய்கிற வேலை எப்போதோ மாறியிருக்கும். பெயர் அப்படியே இருக்கும். பொலைடும் அந்த மாதிரிதான்.

கிரேக்கத்தில் 'பொலிஸ்' என்றால் எறிபடை, அதாவது வீசுகிற ஈட்டி. எறிதல் என்ற வினையிலிருந்து வந்தது. பாலிஸ்டிக் ஏவுகணைக்கும் அதே வேர். முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, வானத்தில் பாயும் நெருப்பை இரண்டாகப் பிரித்தார். முன்பக்கம் மட்டும் எரிவது பந்தம். முழுக்க எரிந்து நீண்ட தடம் விடுவது பொலிஸ்.

சமஸ்கிருதத்தின் உல்காவுக்கும் கொள்ளி என்றுதான் பொருள். தமிழிலும் விண்வீழ்கொள்ளி என்ற பழைய சொல் இருக்கிறது. ஆனால் கொள்ளி தானாக விழலாம். ஈட்டி விழாது. யாராவது எறிய வேண்டும்.

அப்படியென்றால் எறிந்தது யார்? பல காலம் பதில் கடவுள்தான். 18ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் கடவுளை விலக்கினார்கள், கூடவே கல்லையும் விலக்கிவிட்டார்கள். 1768இல் பிரான்சின் லூசேயில் விழுந்த கல்லை ஆராய்ந்த குழுவில் லவாய்சியேவே இருந்தார். அது வானத்திலிருந்து வந்ததல்ல என்று முடிவு சொன்னார்கள். விழுந்ததைப் பார்த்த விவசாயிகளின் பேச்சு எடுபடவில்லை.

1794இல் ஜெர்மானியரான கிளாட்னி, தீப்பந்துகளும் வானிலிருந்து விழும் கற்களும் ஒன்றே, இரண்டும் விண்வெளியிலிருந்து வருபவை என்று எழுதினார். நிறையப் பேர் சிரித்தார்கள். 1803 ஏப்ரல் 26இல் நார்மண்டியின் லேக்ல் ஊர்ப்பக்கம் சுமார் 3,000 கற்கள் விழுந்தன. அரசு அனுப்பிய இளம் இயற்பியலாளர் பியோ, ஊர் ஊராகப் போய்ச் சனங்களிடம் விசாரித்தார். கற்கள் கிடந்த இடங்களைக் குறித்தார். ஒருவரையொருவர் தெரியாத ஆட்கள் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். அதன்பிறகு அறிவியல் இறங்கிவந்தது. கல் உண்மை, எறிகிற கைதான் இல்லை.

கை இல்லை என்று நிரூபித்தாயிற்று. நாம் நம்பினோமா?

2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செலியாபின்ஸ்க் வானில் சுமார் 20 மீட்டர் அகலமுள்ள பாறை வெடித்தது. வெளிச்சத்தைப் பார்க்கச் சனங்கள் சன்னலுக்கு ஓடினார்கள். அதிர்வலை தரைக்கு வந்துசேர ஓரிரு நிமிடம் ஆனது. வந்ததும் கண்ணாடிகள் நொறுங்கின; சுமார் 1,500 பேர் காயங்களோடு சிகிச்சைக்குப் போனார்கள். அரசியல்வாதி ஸிரினோவ்ஸ்கியோ, விழுந்தது விண்கல்லே இல்லை, அமெரிக்கர்கள் புது ஆயுதத்தைச் சோதிக்கிறார்கள் என்றார்.

சிரிப்பு வரும். ஆனால் நாசா வெளியிடும் தீப்பந்துப் பட்டியலுக்குத் தரவு தருபவை அமெரிக்க அரசின் உணர்கருவிகள். ஏவுகணையையும் அணுகுண்டு வெடிப்பையும் கண்காணிக்க மேலே அனுப்பியவற்றின் கண்ணில்தான் எரிகல்லும் படுகிறது. ஒவ்வொரு முறையும் அவை முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்: வந்தது கல்லா, யாராவது எறிந்த படையா?

இரண்டாயிரம் வருஷமாகியும் அந்தப் பெயரைக் கழற்ற முடியாததற்குக் காரணம் வானத்தில் இல்லை. எறிகிற கைகள் எல்லாம் கீழேதான் இருக்கின்றன.