வராத காலத்தின் வரலாறு

நேயர்களே, இலக்கியம் பேசுகின்ற இத்தொடரிலே வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கின்ற சங்கதி என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன் பாடம் முடிந்தபின் என் மேசையருகே வந்து நின்றான். "சேர், விளையாட்டிலை ஒரு ஊரின்ரை தண்ணியை நான் எடுத்துப்போட்டன். கடைசியிலை அந்தச் சனமெல்லாம் செத்துப்போச்சு. இரவு நித்திரை வரேல்லை" என்றான்.

இல்லாத ஊர், இல்லாத சனம். ஆயினும் அவனது கவலை மெய்யானது. காப்பியம் படித்தவன் கண்ணீர் விடுவதை நாம் அறிவோம். ஆனால், 'நான் செய்துவிட்டேன்' என்று எந்த வாசகனும் சொல்வதில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதையே இன்று நோக்குவோம்.

கற்பனைச் சமுதாயத்தைப் படைத்துக் காட்டுவது புதிய முயற்சியன்று. 1516ஆம் ஆண்டிலே தோமஸ் மோர் என்னும் ஆங்கில அறிஞர் 'யூட்டோப்பியா' என்ற தீவினைப் படைத்தார். 1932இலே ஹக்ஸ்லியும் 1949இலே ஓர்வெலும் அஞ்சத்தக்க எதிர்காலங்களை நாவல்களாக்கினர். 1956 முதல் இலங்கையிலே வாழ்ந்து 2008இலே கொழும்பிற் காலமான ஆதர் சீ. கிளார்க், வேற்றுலகோரின் விண்கலமொன்றை 1973இலே நாவலாக்கினார். 'ராமா' என்னும் அக்கலம் 1996இலே கணனி விளையாட்டாகவும் வெளிவந்தது. நாவலிலே நாம் விருந்தாளிகள். ஆசிரியர் காட்டுகின்ற திசையிலே நடந்து, அவர் கதவைச் சாத்தும்போது வெளியே வந்துவிடுகின்றோம். விளையாட்டிலோ நாம் குடிமக்களாகி விடுகின்றோம்.

இம்மாற்றத்தின் முதற்கட்டத்தை 1984இலே இங்கிலாந்திற் காண்கின்றோம். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிறேபனும் இயன் பெல்லும் 'எலைட்' என்ற விளையாட்டை ஆக்கினர். அக்காலத்து பி.பி.சி. மைக்றோ கணனியின் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. அதற்குள்ளே 8 விண்மீன் மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள்! அத்தனை விவரங்களையும் சேமித்து வைக்க இடமில்லை. ஆகவே, சில எண்களை விதையாக ஊன்றி, ஒவ்வோர் உலகின் பெயரையும் பொருளாதாரத்தையும் ஆட்சிமுறையையும் வேண்டியபோது கணக்கினாலேயே முளைக்கச் செய்தனர். அராஜகம், நிலமானியம், சர்வாதிகாரம், பொதுவுடைமை, ஜனநாயகம், கம்பனி அரசு என அங்கே ஆட்சிமுறைகள் எட்டு. அராஜக உலகை அணுகும் வணிகனைக் கொள்ளையர் சூழ்ந்துகொள்வர்; கம்பனி அரசிலே ஓரளவு அச்சமின்றிச் செல்லலாம். அரசியலைப் பாடமாகக் கேளாமல், வழியிலே படும் துன்பத்தின் அளவினால் விளையாடுபவன் அறிந்துகொள்கிறான். 100 நாணயத்தோடு தனியனாகப் புறப்பட்டு வாங்கியும் விற்றும் முன்னேறுகின்ற இவ்வணிகன், தனியார் முயற்சி போற்றப்பட்ட தட்சர் அம்மையார் காலத்துப் பிரித்தானியாவின் பிள்ளை எனலாம். எதிர்காலம் என்று எழுதப்பட்டது உண்மையில் எழுதப்பட்ட காலத்தின் முகமே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

எலைட்டிலே அரசுகளை வெளியே நின்று கண்டவன், 1999இலே வெளிவந்த 'அல்பா சென்ரோறி'யில் அரசு அமைப்பவனாகிறான். பிறையன் றெனோல்ட்ஸ் வடிவமைத்த இவ்விளையாட்டிலே, பூமியிலிருந்து சென்ற மனிதர் புதிய கிரகத்தில் ஏழு கொள்கைகளாகப் பிரிந்து ஏழு சமுதாயங்களை நிறுவுகின்றனர். ஒவ்வொரு தெரிவுக்கும் விலை உண்டு. கட்டற்ற சந்தையைத் தெரிந்தாற் செல்வம் பெருகும். ஆனால் இயற்கை கெடும். கெடுத்தவனை அக்கிரகத்து உயிர்களே திருப்பித் தாக்கும்.

இவ்விரண்டுக்கும் இடையிலே, 1997இலே, அமெரிக்காவில் வெளிவந்த 'போலவுட்' என்ற விளையாட்டே என் மாணவனின் நித்திரையைக் கெடுத்தது. ரிம் கெயின் என்பாரும் அவரது குழுவினரும் இதனை ஆக்கினர். 2077ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆந் திகதி அணுவாயுதப் போரினால் உலகம் அழிகின்றது. நிலத்தின் கீழே அமைக்கப்பட்ட பெரும் பதுங்குகுழிகளிலே சிலர் உயிர் தப்புகின்றனர். இந்த எதிர்காலம் 1950களின் அமெரிக்கர் கனவு கண்ட எதிர்காலமாகும்; அணுசக்தியால் ஓடும் மோட்டார் வண்டிகளும் பழைய வால்வு இயந்திரங்களும் அங்கே காணப்படுகின்றன. அந்தப் பத்தாண்டிலேதான் அமெரிக்கப் பாடசாலைகளில், குண்டு விழுந்தால் மேசையின் கீழே பதுங்கும்படி பிள்ளைகளுக்குத் திரைப்படம் காட்டிக் கற்பித்தனர். 1961 ஜூலையிலே ஜனாதிபதி கென்னடி பாதுகாப்பிடங்களுக்காகக் காங்கிரசிடம் நிதி கேட்டார். அணு வாழ்விக்கும், குழி காக்கும் என்ற அவ்விரு வாக்குறுதிகளையும் பனிப்போர் முடிந்தபின் திரும்பிப் பார்த்தவர்களின் படைப்பு இது. அக்குழிகளிற் பெரும்பாலானவை மக்களைக் காப்பதற்கல்ல, அவர்களை வைத்துச் சோதனை செய்வதற்கே அமைக்கப்பட்டன என்ற உண்மை 1998இல் வந்த இரண்டாம் பாகத்திலே வெளிப்படுகின்றது. பதுங்குகுழி என்ற சொல்லுக்கு அகராதியிற் பொருள் தேடவேண்டிய நிலையில் நாம் இருந்ததில்லை. ஆதலால் இக்கதை நம்மை வேறு விதமாகவே தொடும்.

கதை 2161ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. 13ஆம் இலக்கக் குழியிலே நீர் சுத்திகரிக்கும் பொறியின் சில்லு பழுதாகிவிட்டது. 150 நாட்களுள் புதியதொன்றைக் கொண்டுவரும்படி விளையாடுபவன் வெளியே அனுப்பப்படுகிறான். பாலையிலே அலைந்து, 'நெக்ரோபொலிஸ்' என்னும் பாழ்நகரிலே அதனைக் காண்கிறான். கதிர்வீச்சினால் உருச்சிதைந்த மனிதர் வாழும் நகர் அது. அவர்களுக்கு நீர் தருவதும் அதே சில்லுத்தான். அவர்களது பழைய நீர்ப்பம்பியைத் தேடித் திருத்திக் கொடுத்துவிட்டுச் சில்லை எடுத்தால் இரு சாராரும் பிழைப்பர். அவசரப்பட்டுப் பறித்து வந்தாலோ, முடிவிலே அம்மக்கள் நீரின்றி அழிந்த செய்தி வரும். என் மாணவன் நாட்கணக்கைப் பார்த்தான், பறித்து வந்துவிட்டான்.

முடிவு இன்னுங் கொடியது. எல்லாப் பகையையும் வென்று வீடு திரும்புகின்றவனைக் குழியின் தலைவர் வாசலிலேயே தடுத்துவிடுகின்றார். உன்னைக் கண்டால் இளையோரும் வெளியே போக விரும்புவர், உள்ளே வராதே என்கின்றார். தன்னைக் காத்தவனையே ஏற்க முடியாத சமுதாயம் எதைக் காத்துக்கொண்டது? இக்கேள்வியை எழுப்புகின்ற படைப்பு எந்த ஊடகத்தில் வந்தாலும் இலக்கியத்தின் பணியையே செய்கின்றது என்பது என் கருத்து.

எல்லா வீடியோ விளையாட்டுகளும் இத்தகையன அல்ல. சுட்டுத் தள்ளுவதே தொழிலாக வந்தவை ஏராளம். நல்லவற்றை இனங்காட்டும் விமர்சனம் தமிழிலே இன்னும் வளரவேண்டியுள்ளது. அதுவரை, கண்டிப்பதற்கு முன் ஒருமுறை கேட்டறிவது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நல்லது.

சில நாட்களின் பின் அம்மாணவன் மறுபடியும் வந்தான். "திரும்ப முதலிலை இருந்து விளையாடினன் சேர். இந்தமுறை பம்பியைத் திருத்திக் குடுத்திட்டன்" என்றான். விளையாட்டிலே திரும்பத் தொடங்கலாம். வாழ்விலே அந்த வசதி இல்லை என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அதை அறிந்திருந்தபடியால்தானே முதல்நாள் அவனுக்கு நித்திரை வரவில்லை.