இறம்பொடை வழியே வந்தவர்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து இலங்கைக்கு வரும் மாணவர் சுற்றுலாக்களில் இறம்பொடைக்குக் கிடைப்பது ஒரு மதிய வேளை. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பஸ் அங்கே நிற்கும். 109 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்ப்பார்கள், சின்மயா மிஷன் கட்டிய ஆஞ்சநேயர் கோயிலில் கும்பிடுவார்கள், பிறகு மேலே லபுக்கலையில் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிவந்து ஒரு கோப்பை தேநீர் குடிப்பார்கள். மூன்றும் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் இந்தப் பாதையின் சரித்திரத்தைப் புரட்டினால் ஒன்று தெளிவாகிறது: வந்துபோனவர்கள் யாருடைய பேச்சுக்குக் காது கொடுத்தார்களோ, அதற்குத் தக்கபடிதான் கற்றுக்கொண்டு போனார்கள்.

1848இல் நுவரெலியாவில் குடியேறப் போன ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், இறம்பொடைக் கணவாயில் தன் வண்டி பள்ளத்தில் உருண்டதையும், உதவிக்கு அனுப்பிய யானை அந்த ஏற்றத்தில் விரட்டப்பட்டுச் செத்ததையும் 1855இல் வெளியான தம் புத்தகத்தில் விரிவாகவே எழுதினார். அதில் குதிரைக்காரனுக்குப் பெயர் உண்டு. மூட்டை சுமந்தவர்கள் ‘கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில்தான் புசல்லாவை, இறம்பொடைச் சரிவுகளில் காட்டை வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கான ஆட்கள் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குக் காடுகளினூடே மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டிய பிறகு கணவாயில் மாட்டுவண்டிகள் குறைந்தன, தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது, பயணிகளும் மாறினார்கள். பயணக் குறிப்புகளின் பார்வை மட்டும் அப்படியே இருந்தது: குளிர், மூடுபனி, பச்சைப் பாய் விரித்த மலை, தூரத்தில் கூடை சுமந்த பெண்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி 1934இல் நடந்தது. அந்த ஆண்டு இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதன் மாணவர்களோடு இலங்கைக்கு வந்தார். கலைநிகழ்ச்சிகள் நடந்தன, ஹொரணையில் ஸ்ரீபாலி கல்லூரிக்கு மே 20ஆம் தேதி அவரே அடிக்கல் நாட்டினார். அந்தப் பயணம் இலங்கைக் கலைகளை எப்படித் தட்டி எழுப்பியது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். தோட்டத் தமிழரின் மலையகத்துக்கு அதைவிடப் பெரிது வேறொன்று. இறம்பொடைக்குக் கீழே தவலந்தென்னையில் பிரியும் வீதி பூண்டுலோயாவுக்குப் போகிறது. அங்குள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, இருபது வயது நிறையாத இளைஞர், தாகூரைச் சந்தித்துத் தாம் எழுதிய ‘விஸ்மாஜினி’ நாடகத்தைக் கையளித்தார். வந்தவர்கள் காட்ட வந்தது தங்கள் கலையை. தோட்டத்திலிருந்து போன பையன் பதிலுக்குத் தன் எழுத்தைக் கொடுத்தான். 1947இல் அதே இளைஞர் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அவரும் தோட்டத்து வாழ்வைக் கவிதையாக, நாவலாக, நாட்டார் பாடல் தொகுப்பாக 1984இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

இரண்டே நாள் மலைநாட்டில் இருக்கும் மாணவர்களிடம் இவ்வளவையும் கேட்டறிய வேண்டுமென்று எதிர்பார்க்கலாமா என்று கேட்பார்கள். நேரக்குறைவை ஒரு காரணமாக ஏற்க முடியவில்லை. ஒரு கிலோ தேயிலைக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று தொழிற்சாலையில் சொல்கிறார்கள்; குறித்த கிலோ பறிக்காவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் என்பதைச் சொல்ல இன்னும் ஒரு நிமிடம் போதும். இன்னொரு ஆட்சேபம் கனமானது: தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தைக் காட்டப் போனால் வறுமையே காட்சிப்பொருளாகிவிடாதா? ஆகும், கமராவோடு நுழைந்தால் நிச்சயமாக ஆகும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் (அறை) அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பும் (திண்ணை) வேடிக்கை பார்ப்பதற்கு உரியவை அல்ல. ஒரு குடும்பத்தின் வீடு. ஆகவே லயத்துக்கு அல்ல, தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், அங்குள்ள ஆசிரியர் பேசட்டும், மாணவர்கள் கேட்கட்டும். ஆஞ்சநேயர் கோயிலைச் சூழ்ந்த இராமாயண நம்பிக்கையை இதற்கு எதிராக நிறுத்துவதும் தேவையற்றது. ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டே இந்தக் கதையையும் கேட்கலாம். அந்தக் கோயிலைச் சுற்றி வாழ்பவர்களில் பலர் இந்தக் கதைக்குச் சொந்தக்காரர்கள்.

தமிழ்நாட்டு மாணவருக்கு இது அந்நியர் கதையும் அல்ல. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று தேயிலை பறிக்கிறவர்களில் பலர் அப்படித் திரும்பியவர்களின் பிள்ளைகள். 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பழைய வழியில் பலர் பதினாறு நாள் நடந்தார்கள். ஊர்ஊராக மக்கள் அவர்களை வரவேற்றுப் பேசினார்கள். ஒரு பயணம் எப்படிப் பாடமாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் காலத்தில் இல்லை. மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான்: புறப்படுமுன் வேலுப்பிள்ளையின் ஒரு நூலை வகுப்பில் வாசியுங்கள், இறம்பொடையில் அருவிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு, முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெற்று, ஒதுக்குங்கள்.