ஒற்றர் தொடர்ந்த வழி: இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையும் தனிநடையும்

ஒரு பாதையின் வரலாறு அதனை வெட்டியோரின் வரலாறு மட்டுமன்று. அதில் நடக்க இடம்பெற்றோரினதும், நடந்தமைக்காகவே ஐயுறப்பட்டோரினதும் வரலாறுமாகும். படைகள் சென்ற பெருவழிகளும் வணிகர் சென்ற வழிகளும் வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்படுகின்றன. தனிமனிதரின் கால்களால் உண்டான ஒற்றையடிப் பாதைகளோ பெரும்பாலும் பேசப்படுவதில்லை. இவ்வகையில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரப் பாதை நோக்கற்பாலது. சொமசெற் மாவட்டத்து மைன்ஹெட் என்னும் ஊரிலே தொடங்கி, டெவன், கோண்வால் கரைகளைச் சுற்றி, டோசெற்றின் பூல் துறைமுக வாயிலில் முடிவுறும் இப்பாதை 630 மைல் நீளமுடையது. இதன் முதற் பகுதியான எக்ஸ்மூர்க் கரையில் நிகழ்ந்த சில நிகழ்ச்சிகள், இன்று இயல்பான பொழுதுபோக்காகக் கருதப்படும் தனிநடை எத்தகைய ஐயங்களைக் கடந்து உரிமையாயிற்று என்பதைப் புலப்படுத்துவனவாகும்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். மைன்ஹெட்டிலிருந்து லின்மத் வரையுள்ள தூரம் ஏறத்தாழ 21 மைல். முதுகில் மூட்டையுடன் தனியே செல்லும் ஒருவருக்கு அது நீண்ட ஒரு பகலின் நடையாகும். ஆயினும் மைற்கணக்கு இந்நிலத்தின் கடுமையைக் காட்டாது. இங்கு மலையே கடலுக்குள் இறங்குகின்றது. உயர்நிலத்து ஓடைகள் கரையை நோக்கி ஆழமான பள்ளங்களை அறுத்துச் செல்வதால், நடப்பவர் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி மீண்டும் ஏறவேண்டியவராகிறார். அத்திலாந்திக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மிகுந்த மழையைப் பொழிகின்றது. போர்லொக் துறைக்கு மேற்கேயுள்ள கருவாலிக் காடுகளில் வெயில் புகாத சரிவுகள் நெடுநாள் ஈரமாகவே கிடக்கின்றன; சேறு கணுக்காலைப் பற்றுவதும், நிலச்சரிவினாற் பாதை இடம்மாறுவதும் அங்கு வழக்கம். 1952 ஆகஸ்ற் 15ஆந் திகதி எக்ஸ்மூரில் ஒரே நாளிற் பெய்த ஏறத்தாழ ஒன்பது அங்குல மழை, லின்மத் ஊரை வெள்ளத்தில் ஆழ்த்தி 34 உயிர்களைப் பலிகொண்டது.

இத்தகைய நிலத்தில், தேவை எதுவுமின்றி ஒருவர் தாமாகவே நடப்பது பதினெட்டாம் நூற்றாண்டினருக்கு எளிதில் விளங்கக்கூடிய செயலன்று. உழவரும் கூலியாட்களும் வேறு வழியின்மையால் நடந்தனர். வசதியுடையோர் குதிரையிலோ வண்டியிலோ சென்றனர். 1782இல் இங்கிலாந்தைக் கால்நடையாகக் கண்ட ஜேர்மனியரான கார்ல் பிலிப் மோரிற்ஸ், நடந்து வருபவன் என்பதனாலேயே விடுதிகளில் அலட்சியப்படுத்தப்பட்டதைத் தம் பயணநூலிற் பதிவு செய்துள்ளார். பெண்ணாயின் தடை இருமடங்காயிற்று. கவிஞர் வேர்ட்ஸ்வேர்த்தின் தங்கை டொரதி நாட்டுப்புறத்தில் நடந்து திரிவதை 1794இல் அவருடைய உறவினரான முதியவர் ஒருவர் கண்டித்தார். இயற்கை தமக்களித்த வலிமையைப் பயன்படுத்துவதிற் குற்றமில்லை என்பதும், நடப்பதால் வண்டிச்செலவு மிஞ்சுகிறது என்பதும் டொரதி எழுதிய மறுமொழியின் சாரமாகும்.

இவ்வேளப் பார்வை அரசியல் ஐயமாக மாறிய ஆண்டு 1797. அவ்வாண்டு பெப்ரவரியில், வில்லியம் ரேற் என்பவரின் தலைமையில் ஏறத்தாழ 1400 பேரைக் கொண்ட பிரெஞ்சுப் படையொன்று வேல்ஸின் ஃபிஷ்காட் அருகே கரையிறங்கியது. இரண்டொரு நாளில் அது சரணடைந்துவிட்டது. ஆயினும் அக்கப்பல்கள் முன்னதாக வட டெவன் கரைக்கப்பால் காணப்பட்டமையால், பிரிஸ்ரல் கால்வாயின் இருகரையிலும் அச்சம் பரவியது. யூலையில் வேர்ட்ஸ்வேர்த்தும் டொரதியும் குவாண்டொக் மலையடியிலுள்ள அல்பொக்ஸ்டன் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்துக் குடிபுகுந்தனர். சில மைல் தொலைவிலுள்ள நெதர் ஸ்ரோவியிற் கோல்றிட்ஜ் வாழ்ந்தார். தேசத்துரோகக் குற்றச்சாட்டிலிருந்து 1794இல் விடுதலை பெற்ற தீவிரவாதச் சிந்தனையாளர் ஜோன் தெல்வோல் அங்கு விருந்தினராக வந்து சென்றார்.

இவர்கள் இரவும் பகலும் நடந்தனர். மடக்கு நாற்காலிகளையும் குறிப்பேடுகளையும் எடுத்துச் சென்றனர். ஓர் ஓடை கடல்வரை படகு செல்லத்தக்கதா என்றும் விசாரித்தனர். அவ்வோடையைப் பற்றிக் கவிதையொன்று புனைவதே கோல்றிட்ஜின் எண்ணமாயிருந்தது. ஆனால் வேலையாட்களின் பேச்சு வாயிலாக இச்செய்திகளை அறிந்த பாத் நகர மருத்துவர் ஒருவர் உள்நாட்டு அமைச்சரான போட்லன்ட் கோமகனுக்கு எழுதினார். ஆகஸ்ற் மாதத்தில் ஜேம்ஸ் வோல்ஷ் என்னும் ஒற்றர் நெதர் ஸ்ரோவிக்கு அனுப்பப்பட்டார். அவர்கள் பிரெஞ்சுக்காரர் அல்லர், அதிருப்தியுற்ற ஆங்கிலேயரே என்பது அவரது முடிபு. பிற்காலத்தில் கோல்றிட்ஜ் இதனை நகைச்சுவையாக எழுதினார். எனினும் விளைவு நகைச்சுவையன்று. அல்பொக்ஸ்டன் குத்தகை ஓராண்டுக்கு மேல் நீடிக்கவில்லை; அதற்கு அயலாரின் ஐயமும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. ஐயத்துக்குக் காரணமாக முன்வைக்கப்பட்டவற்றை நோக்கின், நடத்தல், பார்த்தல், குறித்தல், வினவுதல் என்பனவே எஞ்சுகின்றன. இவை யாவும் கற்போர் எவரும் செய்யுஞ் செயல்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஐயம் நடையை நிறுத்திவிடவில்லை. 1797 நவம்பர் 13ஆந் திகதி மாலை நான்கரை மணிக்கு, இருள் கவியும் வேளையில், மூவரும் கரையோரமாகப் புறப்பட்டனர். பயணச் செலவை ஈடுசெய்யக் கவிதையொன்றை எழுதி விற்கலாம் என்ற அந்நடையின் திட்டமே பின்னர் ‘முதிய மாலுமி’ என்னும் கதைப்பாடலாயிற்று. 1798இல் வில்லியம் ஹஸ்லிற் கோல்றிட்ஜுடனும் ஜோன் செஸ்ரர் என்பவருடனும் நெதர் ஸ்ரோவியிலிருந்து லின்ரன் வரை நாள் முழுதும் நடந்து, நள்ளிரவை அண்டியே ஊர் சேர்ந்தார். வழியிற் கள்ளக்கடத்தற்காரன் ஒருவனின் கடுத்த முகத்தைக் கண்டதையும் அவர் பின்னாளிற் குறிப்பிட்டுள்ளார்.

அக்கடுத்த முகமே இப்பாதையின் அடுத்த அத்தியாயத்துக்குக் காரணமாகும். போர்ச் செலவுக்காகத் தேயிலை, மது, புகையிலை ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்ட உயர்ந்த தீர்வைகள் கள்ளக்கடத்தலை வளர்த்தன. அதனைத் தடுக்க 1809இல் நீர்க்காவற் படையும், பின்னர் 1822இல் பல பிரிவுகளை ஒன்றிணைத்துக் கரையோரக் காவற்படையும் அமைக்கப்பட்டன. கடற்பாறைகளின் மறைவிலுள்ள ஒவ்வொரு சிறுகுடாவையும் மேலிருந்து எட்டிப் பார்ப்பது காவலாளின் கடமை. ஆகவே அவன் பாதை குறுக்குவழி தேடாது, விளிம்பை ஒட்டியே வளைந்து சென்றது. ஊராருடன் உறவு கொண்டு கடத்தலுக்குத் துணைபோகாதிருக்க அவன் பிறவூரிலிருந்து அமர்த்தப்பட்டான். மழையிலும் இருளிலும் கரைவிளிம்பில் நடந்த அவனே இக்கரையின் முதல் ‘முறையான’ தனிநடையாளன் எனலாம். நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தீர்வைகள் குறையக் கடத்தலும் தளர்ந்தது; 1856இல் இப்படை கடற்படையின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. காவல் தளர்ந்த பின்னும் காவலரின் காலடித் தடம் எஞ்சியது.

தடம் எஞ்சியமையால் மட்டும் உரிமை உண்டாகிவிடாது. கல்போன் தேவாலயத்துக்குச் செல்லும் வழியில் இதற்கொரு சின்னம் உண்டு. மிகச் சிறிய இத்தேவாலயத்தைச் சூழ்ந்த காட்டிலே, கணித அறிஞரான ஏடா லவ்லேசின் கணவருக்குரிய ஆஷ்லி கூம் மாளிகை இருந்தது. மாளிகையாரின் பார்வையில் வேலையாட்களும் வியாபாரிகளும் படாதவாறு சுரங்கவழிகள் அமைக்கப்பட்டன எனச் சொல்லப்படுகிறது. மாளிகை 1974இல் இடிக்கப்பட்டது. இன்றைய நடையாளர் அச்சுரங்கவழிகளின் எச்சங்களைக் கண்டு செல்கின்றனர்.

உரிமைக்கான போராட்டம் பெரிதும் வடக்கின் தொழில் நகரங்களிலே மூண்டது. 1932 ஏப்பிரில் 24ஆந் திகதி டாபிசயரின் கிண்டர் ஸ்கவுட் மலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் தடையை மீறி ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். தேசியப் பூங்காக்களுக்கும் நெடுந்தூர நடைபாதைகளுக்கும் வழிவகுத்த சட்டம் 1949இல் நிறைவேறியது. எக்ஸ்மூர் 1954இல் தேசியப் பூங்காவாயிற்று. கரையோரப் பாதை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது: கோண்வால் பகுதி 1973இலும், சொமசெற் - வட டெவன் பகுதி 1978இலும் பொதுமக்களுக்கு உரியவாயின. இங்கிலாந்தின் கரை முழுவதையும் நடைக்குத் திறக்கும் பணி 2009ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அரசின் கடமையாக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலே முரண் ஒன்று உண்டு. பிறரைக் கண்காணிக்கச் சமைந்த பாதையே, எவரும் கேள்வியின்றிச் செல்லத்தக்க பாதையாகியது. ஆயின் கண்காணிப்பு தானாக விடுதலையாக மாறிவிடவில்லை. கடத்தல் ஓய்ந்தமையும், தொழிலாளர் சிறை புகுந்தமையும், பாராளுமன்றம் சட்டமியற்றியமையும் ஒன்றுசேர்ந்தே அம்மாற்றத்தை நிகழ்த்தின. அப்போதும் கிடைத்தது பெரும்பாலும் கடந்து செல்லும் உரிமையே. பாதையின் இருபுறத்து நிலமும் பல இடங்களில் இன்னும் தனியாருடையதே.

எனவே, சேறு படிந்த காலணிகளுடன் ஒருவர் மாலையில் லின்மத்தை அடையும்போது, அவர் கடந்து வந்தது மலைகளை மட்டுமன்று. எங்கே செல்கிறாய், ஏன் செல்கிறாய், அக்குறிப்பேட்டில் எழுதுவது யாது என்ற வினாக்கள் அவரிடம் கேட்கப்படவில்லை. 1797இல் அவை கேட்கப்பட்டன. இவ்வினாக்கள் அற்ற ஒரு பகற்பொழுதை உண்டாக்க அந்நாட்டுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன. நடையுரிமையின் பெறுமதியை மதிப்பிடுவோர் இக்கால அளவை மறத்தலாகாது.