ஒரே மோட்டார், அஞ்சு வேலை

இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட அமெரிக்காவுல பலருக்கு வீட்டு கராஜே தச்சுப் பட்டறை ஆச்சு. ஆனா இடம் கம்மி. ஜெர்மனியில் பிறந்த ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் இதுக்காக வடிவமைச்சதுதான் ஷாப்ஸ்மித். 1947-ல் விற்பனைக்கு வந்தது. ஒரே மோட்டாரில் வட்ட ரம்பம், கடைசல், தேய்ப்பு வட்டு, செங்குத்தாவும் படுக்கையாவும் துளை போடறதுன்னு அஞ்சு வேலை.

சிக்கல் ரம்பத்துல. இப்போ தனியா விக்கிற டேபிள் ஸாக்கள்ல சாய்வா வெட்ட பிளேடுதான் சாயும், மேஜை அசையாது. ஷாப்ஸ்மித்ல பிளேடு நிமிர்ந்தே நிக்கும். மேஜைதான் சாயணும், ஏறி இறங்கணும், கடைசலுக்கு மாறினா கழட்டவும் செய்யணும். இத்தனை அசைவுல இம்மி விலகாம இருக்குமா? ஃபென்ஸ் பிளேடுக்கு இணையா இல்லேன்னா வெட்டு கோணும், அதைவிட மோசம், கட்டை சிக்கி நம்ம மேலயே பாயும்.

வழி சுலபம்தாங்க. முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. ஒரு பல்லுல குறி வெச்சு, மேஜைப் பள்ளத்துலேர்ந்து அது எவ்வளவு தூரம்னு முன்பக்கம் அளங்க. பிளேடைச் சுத்தி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் திரும்ப அளங்க. ரெண்டும் ஒண்ணாகுற வரை மேஜையைத் திருத்துங்க. அப்புறம் ஃபென்ஸை அந்தப் பள்ளத்துக்கு இணையாக்குங்க. கடைசியா மூலைமட்டம் வெச்சு 90 டிகிரி பாருங்க.

கோட்ல ஒரு வரி மாத்தினாலே டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ண மாட்டோம்ல? (சரி சரி, பண்ணியிருக்கோம்!) இங்கே பக் வந்தா போறது விரல்.