வல்வில் ஓரியின் அம்பு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துப் புற்றில் கிடந்த உடும்பில் தைத்ததாக வன்பரணர் பாடியுள்ளார் (புறநானூறு 152).

எந்த அம்பு அப்படிப் பாயும்? அகன்ற இலை வடிவ முனை பெரும்புண் உண்டாக்கும். அடிபட்ட விலங்கு ஓடினாலும் குருதித் தடம் பார்த்துப் பின்தொடரலாம். அது வேட்டைக்கு ஏற்றது. ஆனால் கவசத்தை எளிதில் துளைக்காது. அதற்கு ஏற்றது ஒடுங்கிய கூர்முனை. இடைக்காலப் போர்களில் கவசம் துளைக்க உதவியதும் இதுவே. பின்னோக்கிய முள்ளுடைய முனையோ, பிடுங்கும்போது சதையையும் கிழிக்கும். ஆக, ஓரியின் அம்பு எத்தகைய முனையுடையது எனக் கொண்டாலும், ஐந்து உயிர்களை ஊடுருவியது புலவரின் மிகைதான்.

கொங்கு நாட்டில் இரும்பு முனைகள் அரியவையல்ல. கொடுமணல் அகழாய்விலும் கிடைத்துள்ளன. வேட்டையில் புகழ்பெற்ற ஓரி போரில் மாண்டான். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான்.