லாம்ப் கிடைத்தது, சிப் கிடைக்கவில்லை

1960களில் புதுச்சேரியில் எங்கள் வீட்டில் ஒரு பிலிப்ஸ் ரேடியோ இருந்தது. பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'போஸ்த்', உள்ளே எரியும் வால்வு 'லாம்ப்'. ஈ.எல். 84 என்ற வால்வு போய்விட்டால் அப்பா கவலைப்பட மாட்டார். பிலிப்ஸ் இல்லையென்றால் முல்லார்டு, அதுவும் இல்லையென்றால் டெலிஃபங்கன். அமெரிக்காவில் அதற்கே 6 பி.க்யூ. 5 என்று பெயர். யார் செய்தாலும் ஒன்பது கால், ஒரே சாக்கெட். பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் பாட்டு வந்துவிடும்.

போன ஐப்பசியில் இடி இடித்த ஓர் இரவுக்குப் பிறகு, பேரன் கொடுத்த 'சாஃப்ட்வேர் ரேடியோ' ஊமையானபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது. அது கட்டைவிரல் அளவு யு.எஸ்.பி. கருவி. ஏரியலில் வரும் அலையை எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். முன்பு காயிலும் வால்வும் செய்த மீதி வேலையைக் கம்ப்யூட்டர் நிரல் செய்யும்.

இதன் கதை சுவையானது. முதலில் இது கம்ப்யூட்டரில் டி.வி. பார்க்கச் செய்த மலிவுக் கருவி. உள்ளே இருப்பது தைவான் ரியல்டெக் கம்பெனியின் ஆர்.டி.எல். 2832யு சிப். பண்பலை கேட்கும்போது அது அலையை அப்படியே எண்களாக வெளியே விடுகிறது என்பதை 2012இல் பின்லாந்தின் ஆன்ட்டி பலோசாரி கவனித்தார். ஆஸ்மோகாம் குழுவினர் அதற்கு நிரல் எழுதினார்கள். ஆயிரக்கணக்கில் விலைபோன வசதி சுமார் 20 டாலருக்கு வந்தது.

அலையைப் பிடிக்கும் ட்யூனர் சிப் வேறு. ஆரம்பக் கருவிகளில் அது ஈ 4000. ஸ்காட்லாந்தின் எலோனிக்ஸ் கம்பெனி செய்தது. அதே 2012இல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. பிறகு வந்த கருவிகளில் தைவானின் ஆர் 820டி. அதன் கால் அமைப்பே வேறு, ஈ 4000 இருந்த இடத்தில் உட்காராது. வால்வைப் பல பேர் செய்தார்கள். இதைச் செய்தது ஒரே ஒருவர். அவர் கடையை மூடினால் சாமானும் அதோடு சரி.

என் கருவியைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டது, ஆனால் ட்யூனர் இல்லை என்றது. செத்தது ஈ 4000தான். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "புதுசே வாங்கிக்கோங்க சார்" என்றார்கள். நியாயம்தான். ஆனால் பேரன் கொடுத்தது இதுவல்லவா!

பாரீசில் இருக்கும் தங்கை மகனிடம் போனில் புலம்பினேன். "மாமா, டி.வி. பார்க்க வாங்கின பழைய தே.என்.தே. சாவி ஒண்ணு மேசை டிராயரிலே கிடக்குது" என்றான். 2005இல் பிரான்சில் தொடங்கிய டிஜிட்டல் டி.வி.க்கு அங்கே தே.என்.தே. என்று பெயர். அவன் பொங்கலுக்கு வந்தபோது மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஈ 4000!

எங்கள் தெரு செல்போன் ரிப்பேர் பையன் சூடான காற்றை ஊதி அதைக் கழற்றி என் கருவியில் ஒட்டினான். பண்பலை மறுபடி பாடுகிறது.

உங்கள் பிள்ளைகளும் பிரான்சிலிருந்து அப்படியொரு சாவி கொண்டுவந்து போட்டிருக்கலாம். குப்பையில் எறியாதீர்கள், யாருக்காவது உதவும்.