துண்டுச் சீட்டும் தொழிலாளியின் மதியும்

"தோட்டத்து ஆட்களுக்குப் பணத்தைக் கட்டி ஆளத் தெரியாது, புத்தி போதாது." பத்திரிகைப் பணிக்காலத்தில் பசறையிலும் நமுனுகுலவிலும் இப்பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்கு வந்தவர்களின் வழிச்செலவே அவர்கள் பெயரில் முதற்கடனாக எழுதப்பட்டது. கடனைத் தீர்ப்பவருக்கு ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டுத்தான் 'துண்டு'. தோட்டம் மாறினாலும் கடன் கூடவே வந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

கடன் மனத்தை என்ன செய்யும்? விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் நடத்திய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. அறுவடைக்கு முன், பணமுடை நாட்களில், அறிவுச் சோதனையில் பின்தங்கிய அதே மனிதர்கள், அறுவடைப் பணம் கிடைத்தபின் கூடுதல் புள்ளிகள் பெற்றனர். இடையில் மாறியது கையிருப்புத்தான்.

தலைமுறைகளாக அறுவடையே காணாத விவசாயியைப் போன்றவர் கடன்பட்ட தோட்டத் தொழிலாளி. சம்பள நாள்வரை அடுப்பெரியச் செய்யும் கணக்கிலேயே அவருடைய மதி செலவாகியிருக்கும். அவரைப் புத்தியற்றவர் என்றார்கள். அதைக் கேட்டும் அன்று நான் மறுத்து எழுதவில்லை. காலம் கடந்தேனும் இங்கே எழுதிவைக்கிறேன்.